தேங்காய் எண்ணெய் குடித்தால் சதை ஏறுமா?

தாராவியில் பொழுது விடியும் முன்பே இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, இட்லி வியாபாரிகள் வீட்டில் கிரைண்டர் ஓடும் சத்தம். மற்றொன்று, சந்துக்குள் இருக்கும் ஜிம்மில் இரும்பு வட்டுகள் மோதிக்கொள்ளும் சத்தம்.

சின்ன அறை. சுவர் முழுவதும் கண்ணாடி. தோல் பட்டறைக்குப் போகிறவர், தையல் மிஷினில் உட்காருகிறவர், கோட்டைப் பகுதி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர் எல்லோரும் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் இங்கே வந்து புஜத்துக்கும் நெஞ்சுக்கும் வேலை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஜிம் கட்டணம் கையைக் கடிப்பதில்லை. சாப்பாட்டுச் செலவுதான் கடிக்கிறது. நல்ல புரதப் பவுடர் ஒரு டப்பா வாங்கினால், கோலி வாடகையில் பாதி போய்விடும்.

அதனால் மாஸ்டர்கள் சிலர் மலிவான வழி ஒன்று சொல்லித் தருகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய்! பால் விடாத காபியில் கலக்கியும் குடிக்கலாமாம். “கொழுப்புதான், ஆனால் நல்ல கொழுப்பு. உடம்பில் தங்காது. நேரே சக்தியாக மாறிவிடும்” என்பது அவர்கள் தரும் விளக்கம்.

வீட்டில் இருக்கும் நெல்லைத் தாய்க்கு இது விளங்குவதில்லை. “என்னல இது, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயப் போயிக் குடிக்க?” என்று கேட்டால், பையன் கைபேசியை நீட்டுகிறான். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கட்டுமஸ்தான உடம்போடு நின்று எண்ணெய் குடிக்கிறார்.

இந்தச் சண்டையில் தாய் சொல்வது சரியா, பையன் சொல்வது சரியா? கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

தலைக்கா, தாளிக்கவா?

முதலில் தாயின் கேள்வி. நெல்லை, மதுரை, தஞ்சைப் பக்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும். சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். ஆனால் அதே தாராவியில் நாகர்கோவில்காரர் வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் மீன் பொரியாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பாலக்காட்டுக் குடும்பங்களில் பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே விடாத அவியலை அவியல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்தச் சந்தேகம் நம் வீட்டோடு நிற்கவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனது. சிறிய பாட்டில்களில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் தைலமா? வரி போட இது தெரிய வேண்டும். சேலம் மத்திய கலால் அதிகாரிகள் ஒரு தரப்பு, எண்ணெய் தயாரிப்பாளர்கள் மறு தரப்பு. 2018இல் இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் இரண்டாகப் பிரிந்தது. அசாமைச் சேர்ந்த ரஞ்சன் கோகோய் சமையல் எண்ணெய் என்றார். தமிழகத்தைச் சேர்ந்த ஆர். பானுமதி கூந்தல் எண்ணெய் என்றார். (நம் வீட்டு வழக்கமும் அதுதானே!) கடைசியில் 2024 டிசம்பர் 18இல் தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, சஞ்சய் குமார், ஆர். மகாதேவன் ஆகிய மூவர் பெஞ்ச் வழக்கை முடித்து வைத்தது. சுத்தமான தேங்காய் எண்ணெய் சிறிய பாட்டிலில் இருந்தாலும், கூந்தலுக்கு என்று அதன் மேல் எழுதாதவரை, அதைச் சமையல் எண்ணெய் என்றே கொள்ளலாம் என்பது தீர்ப்பு. அப்போது சமையல் எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்குமே 5 சதவீதம்தான்.

வரி விஷயம் போகட்டும். வாங்குகிறவர்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கிரானா கடையில் ஒரே அலமாரியில் இரண்டு வகையும் நிற்கும். சமையலுக்கான பாட்டிலில் சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளியும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். கூந்தல் எண்ணெய் என்று எழுதி, மல்லிகை வாசம் சேர்த்து விற்கும் பாட்டில்களில் மண்ணெண்ணெய் வகையறாவான கனிம எண்ணெய்கூடக் கலந்திருக்கலாம். அதை ஒரு சொட்டுகூட வாயில் விடக் கூடாது. இந்த அளவுக்குத் தாய் பயந்தது நியாயமே.

“நேரே சக்தி” கதை

இனி பையன் கட்சி. மாஸ்டர் சொன்னது முழுப் பொய் இல்லை. வேறு ஒரு எண்ணெயைப் பற்றிய உண்மையை இந்த எண்ணெய் மேல் ஏற்றிச் சொல்கிறார், அவ்வளவுதான்.

கொழுப்பில் சங்கிலி நீளத்தைப் பொறுத்துப் பல வகை உண்டு. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்று ஒரு வகை. இது குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் விரைவில் எரிந்து சக்தியாகும். மற்ற கொழுப்பைப் போல ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பது குறைவு. கொழுப்பு ஜீரணமாகாத நோயாளிகளுக்காக 1950களில் இதைத் தனியாகப் பிரித்து எண்ணெயாகத் தயாரித்தார்கள். அது எம்.சி.டி. எண்ணெய். தேங்காய் எண்ணெயிலிருந்தும் அதைப் பிரிக்கலாம். பிறகு அமெரிக்காவில் எடை குறைப்பது பற்றி ஆராய்ந்தவர்கள் இந்த எண்ணெயை வைத்துச் சோதனை செய்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. செய்தி வாய் மாறி, ஊர் மாறி வந்தபோது “எம்.சி.டி.” உதிர்ந்துபோய் “தேங்காய் எண்ணெய்” மட்டும் மிஞ்சியது.

சோதனைக்கு எடுத்த எண்ணெயில் பெரும்பாலும் 8, 10 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்களே. நம் தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 15க்குள்தான். ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். பெயரளவில் அதுவும் நடுத்தரச் சங்கிலிதான். ஆனால் உடம்புக்குள் போனதும் பெரும்பகுதி நீளச் சங்கிலிக் கொழுப்பின் பாதையிலேயே போகிறது. விரைவு வண்டி என்று போர்டு மாட்டிக்கொண்டு எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் லோக்கல் மாதிரி!

“உடம்பில் தங்காது” என்பதும் சரியில்லை. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேஜைக்கரண்டி சுமார் 14 கிராம். ஏறக்குறைய 120 கலோரி. செலவானதற்கு மேல் மிஞ்சினால், தேங்காய் எண்ணெய் என்றாலும் வயிற்றைச் சுற்றித்தான் உட்காரும்.

இன்னொன்று. சதையைக் கட்டுவது புரதம். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயைத் தேடினாலும் ஒரு கிராம் புரதம் கிடைக்காது.

அப்படியானால் கொழுப்பே வேண்டாமா? வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும், ஹார்மோன்கள் உருவாகவும் கொழுப்பு தேவை. தேகப்பயிற்சி செய்கிறவர்கள் கொழுப்பை ஒரேயடியாக நிறுத்தினால் ஆண்மை ஹார்மோன் குறையவும் கூடும். சாப்பாட்டுக் கலோரியில் கால்வாசி கொழுப்பிலிருந்து வரலாம். எந்தக் கொழுப்பு, எத்தனை கரண்டி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பால் பாக்கெட்டில் இருக்கிறது கணக்கு

தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெய், நெய்யில் இருப்பதைவிட அதிகம். ஒரு மேஜைக்கரண்டியில் 12 கிராம் வரும். நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் இந்த வகைக் கொழுப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு.

60 கிலோ எடையுள்ள ஒரு இளைஞர். பகலில் வேலை, காலையில் ஜிம். நாளைக்கு 2,600 கலோரி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு 260 கலோரி. கிராம் கணக்கில் 29.

இப்போது அவர் தட்டில் என்ன இருக்கிறது? மும்பை எருமைப் பால் ஊர். கொழுப்பு எடுக்காத எருமைப் பால் அரை லிட்டர் குடித்தால் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 20 கிராம் உள்ளே போய்விட்டது. நான்கு முட்டையில் 6 கிராம். கொஞ்சம் சிங்தானா கொறித்தால் 3 கிராம். இருபத்தொன்பதும் ஆயிற்று! இட்லிக்குத் தொட்டுக்கொண்ட தேங்காய்ச் சட்னியை இன்னும் சேர்க்கவில்லை. இதற்கு மேல் மாஸ்டர் சொன்ன இரண்டு கரண்டி எண்ணெய் என்றால் இன்னும் 24 கிராம். வரம்பு எங்கே, இவர் எங்கே?

இதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே அரை லிட்டரை டோன்ட் பாலாக மாற்றினால் நிறைவுற்ற கொழுப்பு 10 கிராமாகக் குறையும். புரதம் அதிகம் குறையாது. மிச்சமான 10 கிராமில் ஏறக்குறைய ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெய்க்கு இடம் கிடைத்துவிடுகிறது. அந்தக் கரண்டியும் காபியில் போக வேண்டாம், சட்டியில் போகட்டும். வேறு எண்ணெயில் தாளிப்பதற்குப் பதிலாக இதில் தாளித்தால் கணக்கு சரியாக நிற்கும். இருக்கிற எண்ணெயோடு இதையும் கூட்டிக்கொள்வதால்தான் கெடுகிறது.

புரதக் கணக்கும் அப்படியொன்றும் கஷ்டமானதல்ல. சாதாரண ஆளுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கும் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் தேவைப்படாது. 60 கிலோக்காரருக்கு 96 கிராம். முட்டை நான்கில் 25, நூறு கிராம் துவரம்பருப்பில் 22, அரை லிட்டர் பாலில் 17, ஐம்பது கிராம் கடலையில் 12, நாள் முழுதும் சாப்பிடும் 400 கிராம் அரிசியில் சுமார் 28. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. சைவக்காரர்கள் முட்டைக்குப் பதில் 50 கிராம் சோயா உருண்டை போட்டுக்கொண்டால் 25 கிராமுக்குக் குறையாது. பவுடர் டப்பா இதில் எங்கேயும் வரவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் புரதப் பவுடர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

இளநீர் விற்ற மிஸ்டர் யுனிவர்ஸ்

டப்பாவும் இல்லாமல், எண்ணெயும் குடிக்காமல் உடம்பைக் கட்ட முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு மனோகர் ஐச் கதையைச் சொல்லலாம்.

நம் பக்கத்தில் பலசாலிகளுக்கு “சாண்டோ” என்று பட்டம் கொடுப்பது வழக்கம். தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால்கூட அது நின்றது. அது யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பிய பயில்வானின் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இந்தியாவிலும் சுற்றி வந்து பல வித்தைகள் காட்டினார். அந்த மோகத்தில் ஊருக்கு ஊர் தேகப்பயிற்சி வளர்ந்த காலத்தில், 1912இல் வங்காளத்தில் பிறந்தவர் ஐச். உயரம் ஐந்தடிகூட இல்லை. 4 அடி 11 அங்குலம். விமானப் படையில் இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனார். சிறைக்குள்ளேயே உடம்பைத் தேற்றினார். விடுதலையான பிறகு வயிற்றுப்பாட்டுக்காகக் கல்கத்தா சியால்தா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார்.

1951இல் லண்டன் போய் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் இரண்டாம் இடம் வந்தார். அந்த வருடம் அமெச்சூர் பிரிவில் வென்றவர்களில் மனோதோஷ் ராய் என்ற இன்னொரு வங்காளியும் உண்டு. ஐச் ஊர் திரும்பாமல் பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே பயிற்சி செய்தார். 1952இல் குள்ளமானவர்களுக்கான பிரிவில் பட்டம் அவருக்கே! வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்கிற எவருக்கும் நெருக்கமான கதை இது.

அவர் சாப்பிட்டது என்ன? சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால், பழம். பழைய சோற்றை அவர் விட்டதே இல்லை. 2016இல் இறக்கும்போது வயது 104.

விஷமா, அமுதமா?

தேங்காய் எண்ணெய் பேச்சு எடுத்தாலே இரண்டு கூட்டம் வந்துவிடுகிறது. 2018இல் ஹார்வர்டு பேராசிரியை கரின் மிஷெல்ஸ் ஜெர்மனியில் பேசும்போது அதைச் சுத்த விஷம் என்று சொல்லிவிட்டார். உலகம் முழுதும் ரகளை. இந்திய அரசின் தோட்டக்கலை ஆணையர் ஸ்ரீநிவாச மூர்த்தி, பேச்சை வாபஸ் வாங்க வேண்டும் என்று ஹார்வர்டுக்குக் கடிதமே எழுதினார். இன்னொரு பக்கம், சர்வரோக நிவாரணி என்று பாட்டில் பாட்டிலாக விற்கிறவர்கள்.

இரண்டுக்கும் நடுவில் சோதனைகள் சொல்வது வேறு. 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் அமெரிக்க இருதயச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. மற்ற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது. நல்ல கொலஸ்ட்ராலையும் 4 மில்லிகிராம் ஏற்றுகிறது. ஏற்றம் பிரமாதமில்லை, இல்லை என்றும் சொல்ல முடியாது. கொச்சியில் 200 இருதய நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெயிலும், மறு பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெயிலும் இரண்டு வருடம் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் டாக்டர் கண்காணிப்பில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்கள். எண்ணெயைச் சமையலில் சேர்த்துக்கொண்டார்கள். வெறும் வயிற்றில் யாரும் குடிக்கவில்லை.

“எங்க தாத்தா தேங்காயிலேயே வாழ்ந்தார், தொண்ணூறு வயசு இருந்தார்” என்று நாகர்கோவில்காரர் சொல்வதிலும் உண்மை உண்டு. பசிபிக் கடலில் டோக்கெலாவ் என்று சின்னத் தீவுக் கூட்டம். அங்கே அப்போது சாப்பாட்டுச் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்துதான் வந்தது. கொலஸ்ட்ரால் ஏறியிருந்தும் இருதய நோய் அபூர்வம் என்று 1981இல் எழுதினார்கள். மீன், தேங்காய், ஈரப்பலா, சர்க்கரை குறைவு, நாள் முழுதும் உடல் உழைப்பு. ஆனால் 1966 புயலுக்குப் பிறகு பிழைப்புக்காக நியூசிலாந்து நகரங்களுக்குக் குடிபோனவர்களை ஆராய்ந்தால் கதை வேறு. அங்கே அவர்கள் தேங்காயைக் குறைத்துக்கொண்டார்கள். அப்படியும் எடை கூடியது. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் வந்தன.

தாராவிக்கும் செம்பூருக்கும் வந்தவர்கள் இதை யோசிக்க வேண்டும். தாத்தா தென்னை ஏறினார், வயலில் நின்றார். பேரன் லோக்கலில் ஒரு மணி நேரம் நின்று போய், நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருகிறான்; மத்தியானம் வடாபாவ். தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களைவிட ஆறு வருடம் முந்தியே வருகிறது என்று 2007இல் ஒரு பெரிய ஆய்வு கண்டது. ஜிம்முக்குப் போகிற பையனின் தகப்பனார் வயது அது. அவருக்கும் அதே சட்டியில்தான் சமையல்.

மார்க்கெட் ஆள், மேஜை ஆள்

எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. மூட்டை தூக்கும் தொழிலாளி நாளைக்கு 3,200 கலோரிக்கு மேல் செலவழிப்பார். ஒல்லியாக இருந்து, சோறும் அதிகம் இறங்காத ஆளுக்குக் கலோரி ஏற்ற ஒரு கரண்டி எண்ணெய் உதவலாம். அவரும் கடலையையோ கடலை வெண்ணெயையோ சாப்பிட்டால் கலோரியோடு புரதமும் கிடைக்கும். மேஜை வேலைக்காரருக்கு அந்த உபரிக் கரண்டி தேவையே இல்லை. வெறும் வயிற்றில் குடிப்பதில் இன்னொரு தொந்தரவும் உண்டு. இரண்டு மூன்று கரண்டி போனால் பலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். குர்லாவுக்கும் தாதருக்கும் நடுவில் கூட்ட வண்டியில் அந்த அவஸ்தை எதிரிக்கும் வேண்டாம்.

தேங்காய் எண்ணெயை மட்டும் நம்பவும் கூடாது. உடம்பு தானாக உண்டாக்க முடியாத கொழுப்பு அமிலங்கள் இரண்டு உண்டு. ஒன்று தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்குதான்; மற்றொன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் முதலாவது தாராளம். மீன் கொழுப்பு வேண்டும் என்றால் மத்தி போதும். மும்பையில் அதற்குத் தார்லி என்று பெயர். பாம்ப்ரெட் வாங்குகிற காசில் மூன்று நாள் தார்லி வாங்கலாம். சதைக்குப் புரதமும் அதிலேயே இருக்கிறது.

தேங்காய் எண்ணெய்க்குச் சில நல்ல குணங்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சூட்டில் சுலபமாகக் கெடாது, நாள்பட இருக்கும். காறல் வாடை வந்தால் மட்டும் வாயிலும் வேண்டாம், சட்டியிலும் வேண்டாம். 2025இல் கொப்பரை விலை உச்சத்துக்குப் போய், கேரளத்திலேயே லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. மருந்து போலக் குடிக்கிறவர்கள் அந்தக் காசுக்கு எத்தனை முட்டை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

24 டிகிரிக்குக் கீழே போனால் இந்த எண்ணெய் உறைந்துவிடும். மும்பையில் ஜனவரி விடியற்காலையில் பாட்டில் வெள்ளையாகக் கட்டியிருந்தால் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஜன்னல் வெயிலில் வைத்தால் இளகிவிடும். உறைந்த எண்ணெயைக் கரண்டியால் தோண்டினால் கோபுரமாக ஏறி ஒன்றரைக் கரண்டி வந்துவிடும். உருக்கிய பிறகு அளப்பது நல்லது.